தாடை வளரும் விதமும் பல் சீரமைப்புக்கு உரிய வயதும்

கேள்வி இது: எட்டு வயதுப் பையனுக்கு மேல் முன்பற்கள் எத்திக்கொண்டும் கீழ்த்தாடை உள்வாங்கியும் இருக்கின்றன. ஒரு மருத்துவர் இப்போதே கருவி போட்டுத் தாடையை வளர்க்கலாம் என்கிறார். இன்னொருவர் 12 வயது வரை பொறுத்திருக்கச் சொல்கிறார். இருவருமே ‘வளர்ச்சி’யைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள். முகமும் தாடையும் உண்மையில் எப்படி வளர்கின்றன, எந்தக் கட்டத்தில் சிகிச்சை பலிக்கும்?

முகம் முழுவதும் ஒரே சீராக வளர்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வதிலிருந்துதான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. மேல்தாடைக்கு ஒரு காலம், கீழ்த்தாடைக்கு வேறொரு காலம். ஒரே தாடையிலும் அகலம் முதலில் முடிந்துவிடும், நீளம் பிறகு, உயரம் கடைசியில். ஆகவே எந்த வயதில் கிளிப் போடலாம் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. எந்தத் தாடையில், எந்தத் திசையில் குறை இருக்கிறது என்று தெரிந்த பிறகே வயதைப் பற்றிப் பேச முடியும்.

பிறந்த குழந்தையின் தலையில் நெற்றியும் உச்சியும்தான் கண்ணை நிறைக்கின்றன; முகம் அவற்றின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பகுதி. பருமனில் அது மண்டைப் பெட்டியின் எட்டில் ஒரு பங்குதான். வளர்ந்த மனிதரிடம் ஏறத்தாழ இரண்டில் ஒரு பங்காகிவிடுகிறது. மூளை அவசரமாக வளர்ந்து, ஆறு ஏழு வயதுக்குள் தன் இறுதி அளவில் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கை, கால், உடம்பு ஆகியவை மெல்ல வளர்ந்து, பருவ வயதில் ஒரு துள்ளு துள்ளி, பிறகு நிற்கின்றன. உடலின் திசுக்கள் இப்படித் தனித்தனி வேகத்தில் வளர்வதை 1930-இல் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஸ்கேமன் வரைபடமாக்கிக் காட்டினார். முகம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மண்டையின் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும் மேல்தாடை மூளையின் போக்கை ஓரளவு பின்பற்றி முந்திக்கொள்கிறது, தள்ளி நிற்கும் கீழ்த்தாடை உடம்பின் போக்கைப் பின்பற்றிப் பருவ வயது வரை, அதற்குப் பிறகும், வளர்கிறது. சிறுவயதில் சற்றே உள்வாங்கித் தெரியும் மோவாய் பலருக்கு 15 வயதில் தானாகவே முன்னே வந்துவிடுவதற்கு இதுவே காரணம். எட்டு வயதுப் பிள்ளையின் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பெரியவர்களின் அளவுகோலால் அளந்து கவலைப்படுவது பெற்றோர் மட்டும் செய்யும் பிழையன்று.

மேல்தாடை எலும்பு குருத்தெலும்பிலிருந்து உருவாவதில்லை. சவ்விலிருந்து நேரடியாக உருவாகிறது. அது அண்டை எலும்புகளோடு சேரும் இடங்களில் தையல் போட்டாற்போன்ற மெல்லிய இணைப்புகள் இருக்கின்றன. சுற்றியுள்ள மென்திசுக்கள் வளரும்போது மேல்தாடை கீழ்நோக்கியும் முன்னோக்கியும் நகர்த்தப்படுகிறது. விலகிய இணைப்புகளில் புது எலும்பு வந்து நிரம்புகிறது. பற்களுக்கு இடம் பிறப்பது முன்புறத்தில் அல்ல, பின்புறத்தில்தான்: கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் புதுப் படலம் சேரச் சேரத் தாடை நீள்கிறது. அதே சமயத்தில் தாடையின் முன்பரப்பு கரைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பலருக்கு நம்பச் சிரமமான செய்தி. ஓடும் படகின் மேல்தளத்தில் பின்னோக்கி நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பின்னால்தான் நடக்கிறார். படகு அதைவிட வேகமாக முன்னே போவதால் கரையில் நிற்பவருக்கு அவர் முன்னேறுவதாகவே தெரியும். அண்ணத்திலும் இதே கணக்குதான். மூக்கின் தரைப்பக்கம் எலும்பு கரைகிறது, வாயின் கூரைப்பக்கம் எலும்பு படிகிறது. அண்ணம் முழுவதுமாகக் கீழே இறங்கி, மூச்சுக்கு இடம் பெருகுகிறது. எலும்பு என்பது கல்லைப் போல நிலைத்தது என்ற எண்ணத்தை விட்டால்தான் பல் சீரமைப்பில் எதுவும் புரியும். ஒருபுறம் கரைந்து மறுபுறம் படியும் இந்த இயல்பு இருப்பதால்தான் கம்பியின் மெல்லிய அழுத்தத்துக்குப் பல்லும் நகர்கிறது.

கீழ்த்தாடையைப் பற்றிய முதல் நல்ல சோதனை 18-ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பன்றிகளுக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரை உண்ணக் கொடுத்தார். அதை உண்ணும் நாட்களில் புதிதாகப் படியும் எலும்பு மட்டும் சிவப்பாகிவிடும். நிறுத்திய பின் படிவது வெண்மையாகவே இருக்கும். அவர் கண்டது: தாடையின் பின்பகுதியில் மேலெழும்பும் செங்குத்துக் கிளையின் பின்விளிம்பில் எலும்பு படிகிறது, முன்விளிம்பில் கரைகிறது. அந்தக் கிளை முழுவதும் பின்னோக்கிக் குடிபெயர்கிறது; அது காலி செய்த இடம் பற்களுக்குச் சொந்தமாகிறது. ஆறு வயதில் முதலாவது நிலைக் (விழாது நிலைக்கும்) கடைவாய்ப்பல் முளைக்கும் இடம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை செங்குத்துக் கிளையின் பகுதியாக இருந்தது. 12 வயதில் வரும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும், 17 வயதுக்கு மேல் வரும் ஞானப்பல்லுக்கும் இப்படித்தான் இடம் கிடைக்க வேண்டும். கிளை போதிய அளவு பின்வாங்காவிட்டால் ஞானப்பல் அதன் அடியிலேயே சிக்கிக்கொள்கிறது. முன்பற்கள் நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைக்கு ‘தாடை வளர்ந்தால் இடம் கிடைக்கும்’ என்று சொல்வது தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்: வளர்ச்சி தரும் இடம் முழுவதும் வாயின் பின்புறத்தில்தான். கீழ்த்தாடையில் கோரைப்பற்களுக்கு இடைப்பட்ட அகலம் நிலைக் கோரைப்பற்கள் முளைக்கும் பருவத்தோடு நின்றுவிடுகிறது; அதன்பின் கூடுவதில்லை, பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் சற்றுக் குறையவே செய்கிறது.

காதுக்கு முன்னால் உள்ள மூட்டு முனையில் கீழ்த்தாடைக்கு ஒரு குருத்தெலும்புத் தொப்பி உண்டு. அதில் புது எலும்பு உண்டாக, தாடை அதற்கு எதிர்த்திசையில் கீழும் முன்னும் நகர்கிறது. இந்தத் தொப்பிதான் வளர்ச்சியை ஆள்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் சிறுவயதில் அந்த முனை முறிந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்துவிடுகிறது. மூட்டு இறுகிப்போய் அசைவு நின்றவர்களுக்குத்தான் மோவாய் பின்தங்கியோ முகம் ஒருபுறம் கோணியோ போகிறது. அதாவது தொப்பியை இழப்பதைவிட அசைவை இழப்பதுதான் தாடைக்குப் பெரிய கேடு.

1950-களில் டென்மார்க்கில் பணியாற்றிய பல் சீரமைப்பு ஆய்வாளர் ஆர்னே பியார்க் தாடை எலும்புகளுக்குள் டான்டலம் என்ற உலோகத்தின் மிகச் சிறு ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தலையை ஒரே நிலையில் நிறுத்திப் படமெடுக்கும் முறை 1931-இல் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் பிராட்பென்ட் வெளியிட்டபோதே கிடைத்திருந்தது. ஆனால் பரப்புகள் கரைந்தும் படிந்தும் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு படத்தை இன்னொன்றின் மேல் எதை ஆதாரமாக வைத்துப் பொருத்துவது என்ற சிக்கல் இருந்தது. நகராத ஊசி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. வெளித்தோற்றத்தில் நேராகக் கீழே இறங்குவதாகத் தெரிந்த கீழ்த்தாடை, உள்ளுக்குள் சராசரியாக 15 பாகை அளவுக்கு முன்னோக்கிச் சுழல்கிறது என்றும், கீழ்விளிம்பின் மாற்றங்கள் அதில் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன என்றும் தெரியவந்தது. இந்தச் சுழற்சி மிகுந்தால் முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையாகி, மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை ஆழமாக மூடிவிடுகின்றன. பின்னோக்கிச் சுழன்றால் முகம் நீண்டு, முன்பற்கள் சந்திக்காமல் இடைவெளி விழுகிறது. பின்தங்கிய கீழ்த்தாடை உள்ள இரு பிள்ளைகளுக்கு ஒரே கருவி ஒருவருக்கு நன்றாகப் பலித்து, மற்றவருக்கு முகத்தை இன்னும் நீளமாக்கிவிடுவது இதனால்தான்.

வளர்ச்சியை எது நடத்துகிறது என்பது இன்னும் முழுமையாகத் தீராத வழக்கு. எலும்பின் இணைப்புகளே உந்துகின்றன என்றும், மூக்கின் நடுவில் உள்ள குருத்தெலும்பே மேல்தாடையை முன்னே தள்ளுகிறது என்றும் கருத்துகள் எழுந்தன. அமெரிக்க ஆய்வாளர் மெல்வின் மாஸ் 1960-களில் இவற்றைத் தலைகீழாக்கினார்: எலும்பு தானாக வளர்வதில்லை, அதைச் சூழ்ந்த உறுப்புகளும் அவற்றின் செயலும் இழுத்த இழுப்புக்கு வளர்கிறது என்றார். குழந்தைப் பருவத்தில் கண்ணை இழந்தவருக்குக் கண்குழி சிறுத்தே போவதும், மூளையில் நீர் கோத்துப் பெருத்தால் மண்டையோடு அதற்கேற்ப விரிவதும் அவர் பக்கம் நிற்கும் சான்றுகள். மறுபக்கம் மரபு இருக்கிறது. ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தினரின் ஓவியங்களில் தலைமுறை தலைமுறையாகத் துருத்திய கீழ்த்தாடையைக் காணலாம். 1700-இல் இறந்த ஸ்பெயின் அரசர் இரண்டாம் சார்லஸிடம் அது மிகக் கடுமையாக வெளிப்பட்டது. என் மதிப்பீட்டில், தாடையின் அடிப்படை அளவிலும் வடிவிலும் மரபின் கை ஓங்கியிருக்கிறது. பற்கள் நிற்கும் விளிம்பெலும்பில் நாக்கு, உதடு, விரல் சூப்பும் பழக்கம் ஆகியவற்றின் கை ஓங்கியிருக்கிறது. நிலை முன்பற்கள் முளைக்கும் முன் விரல் சூப்புவதை விட்ட பிள்ளைக்கு முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்வதை அன்றாடம் பார்க்கிறோம். வாயால் மூச்சுவிடுவது முகத்தை நீட்டிவிடும் என்பதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு திசு சிறுவயதில் பெருத்துப் பருவ வயதில் இயல்பாகவே சுருங்கும். மூச்சுக்கு இடையூறு இருந்தால் அதற்காகவே சிகிச்சை செய்ய வேண்டும். பல் நேராகிவிடும் என்ற வாக்குறுதியின் பேரில் செய்யக் கூடாது.

தாடையின் அகலம் பருவ வளர்ச்சித் துள்ளலுக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். நீளம் பெண்களுக்கு 14, 15 வயது வரையும் ஆண்களுக்கு 18 வயதை ஒட்டியும் தொடரும். உயரம் பெண்களுக்கு 17, 18 வரையும் ஆண்களுக்கு 20 வயதைத் தாண்டியும் நீளும். துள்ளலின் உச்சம் சராசரியாகப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 14 வயதில் வருகிறது; ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இரண்டு ஆண்டுகள் முன்பின் ஆவது சாதாரணம். ஆகவே பிறந்த தேதியை நம்புவதைவிட உடம்பைக் கேட்பதே மேல். கழுத்து எலும்புகளின் வடிவம் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே தெரியும்: அடிவிளிம்பு தட்டையாக இருந்தால் உச்சம் இன்னும் வரவில்லை, குழிந்து எலும்பு சதுரமாகிவிட்டால் கடந்துபோய்விட்டது. ஒரு சிறுமி பூப்பெய்திவிட்டாள் என்றால் உயர வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் முன்பே தாண்டியிருக்கும். இத்தனைக்கும் எளிய வழி சுவரில் பென்சிலால் உயரம் குறித்துவருவதுதான். அந்தக் கோடுகளின் இடைவெளி திடீரென்று அகன்றால் அது துள்ளல் தொடங்கிவிட்டது என்ற நல்ல செய்தி.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மேல்தாடை குறுகியிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. அண்ணத்தின் நடுவே இரு பாதிகளும் சேரும் கோடு பருவ வயது வரை இறுகாமல் இருக்கும். அண்ணத்தில் ஒரு திருகுக் கருவியைப் பொருத்தி, சிறு சாவியால் ஒரு முறை திருப்பினால் கால் மில்லிமீட்டர் அளவுக்கு அது விரியும். சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும்; பெற்றோர் பதறுவது அப்போதுதான். பற்கள் இடம்பெயர்ந்துவிட்டன என்று பொருளல்ல, எலும்பே பிரிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. திருகுவதை நிறுத்திய பின் ஈறின் நார்கள் இழுத்து, அந்த இடைவெளி சில மாதங்களில் தானே மூடும். பருவம் முடிந்தபின் இதே வேலைக்கு எலும்பில் பதிக்கும் சிறு திருகாணிகளோ அறுவையோ துணை வர வேண்டியிருக்கும்.

மேல்தாடை பின்தங்கி, கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களைத் தாண்டிக் கடிக்கும் பிள்ளைக்கும் இளவயதே நல்லது. நெற்றியிலும் மோவாயிலும் பிடிமானம் கொண்ட முகக் கவசக் கருவியால் மேல்தாடையை முன்னே இழுக்கிறார்கள். இணைப்புகள் தளர்வாக இருக்கும் பத்து வயதுக்கு முன்பு அது நன்றாகப் பலிக்கிறது. ஆனால் குறை மேல்தாடையில் இல்லாமல், கீழ்த்தாடைதான் அளவுக்கு மீறி வளர்கிறது என்றால் கதை வேறு. மோவாயைப் பின்னுக்கு அழுத்தும் கருவிகள் வளர்ச்சியை நிறுத்துவதில்லை, அதன் திசையைச் சிறிது மாற்றுகின்றன. பருவத் துள்ளல் வந்ததும் பெற்ற பலன் கரைந்துவிடுவது வழக்கம். அத்தகையோருக்கு வளர்ச்சி ஓய்ந்ததை அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களால் உறுதிசெய்துகொண்டு, பிறகு அறுவையோடு சேர்த்துச் சீரமைப்பதே நேர்மையான வழி.

உங்கள் பையனைப் போலக் கீழ்த்தாடை பின்தங்கியவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்தும் கருவிகள் உண்டு. ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1970-களின் இறுதியில் உருவாக்கிய ட்வின் பிளாக் அவற்றுள் பரவலாக அறியப்பட்டது: மேலும் கீழும் இரண்டு சாய்ந்த கட்டைகள், வாயை மூடும்போது கீழ்த்தாடையை முன்னே வழுக்கிச் செல்ல வைக்கும். துருத்தல் குறைவது உண்மை. ஆனால் குறைவதில் பெரும்பங்கு மேல் முன்பற்கள் உள்ளே சாய்வதாலும் கீழ்ப் பற்கள் வெளியே சாய்வதாலும்தான்; எலும்பின் பங்கு சிறியது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வுகள், எட்டு ஒன்பது வயதில் தொடங்கி இரண்டு கட்டமாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், பருவ வயதில் ஒரே கட்டமாகப் பெற்றவர்களுக்கும் முடிவில் தாடையின் அமைப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றே காட்டின. முன்கூட்டித் தொடங்கியதில் தெளிவாகக் கிடைத்த ஆதாயம் ஒன்று உண்டு: துருத்திய முன்பற்கள் அடிபட்டு உடைவது குறைகிறது. ‘தாடையை வளர்த்துவிடுகிறோம்’ என்று சொல்லப்படும்போது இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. பால் கடைவாய்ப்பற்கள் அவற்றின் இடத்தில் வரும் நிலைப்பற்களைவிட அகலமானவை. அவை விழும்போது கீழ்த்தாடையில் ஒவ்வொரு புறமும் சராசரியாக 2 மி.மீ. அளவுக்கு உபரி இடம் கிடைக்கும். கவனிக்காமல் விட்டால் முதல் கடைவாய்ப்பல் முன்னே நகர்ந்து அதை விழுங்கிவிடும். அந்த நேரத்தில் ஓர் எளிய கம்பியால் தடுத்தால் இலேசான பல் நெருக்கத்துக்கு அதுவே போதும். அதே போல, எட்டு வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல விரிந்து நடுவே இடைவெளியுடன் நிற்பது பல பிள்ளைகளுக்கு இயல்பே. மேலிருந்து இறங்கும் கோரைப்பற்கள் வேர்களை நெருக்கிக்கொண்டிருப்பதால் அப்படித் தெரிகிறது. அவை 11, 12 வயதில் முளைத்து முடிந்ததும் இடைவெளி பெரும்பாலும் மூடும். அதற்கு முன்பே கம்பி கட்டி வேர்களை நேராக்க முயன்றால், அவை இறங்கிவரும் கோரைப்பல்லின் வழியில் போய் நிற்கக்கூடும்.

சிகிச்சை முடிந்தபின்னும் முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. இருபது வயதை ஒட்டிக் கீழ் முன்பற்கள் மீண்டும் நெருங்குவதற்கு ஞானப்பல்லைக் குற்றம் சொல்வது வழக்கம். ஞானப்பல்லே இல்லாமல் பிறந்தவர்களுக்கும் அது நேர்கிறது என்பதால் அந்தக் குற்றச்சாட்டு நிற்பதில்லை. மேல்தாடை ஓய்ந்தபின்னும் கீழ்த்தாடை சற்றே முன்னேறுவது, உதட்டின் அழுத்தம் ஆகியவையே அதைவிடப் பொருத்தமான காரணங்கள். சீரான பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிடெய்னரை நீண்ட காலம் அணியச் சொல்வதும் அதனால்தான். வளரும் பிள்ளைக்கு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க மறுப்பதும் இதே காரணம் பற்றியே. தாடைகள் உயரத்தில் விலகிக்கொண்டே போக, இயற்கைப் பற்கள் விளிம்பெலும்போடு சேர்ந்து இறங்கி இடைவெளியை நிரப்புகின்றன. எலும்போடு ஒட்டிப்போன இம்பிளான்ட் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். 14 வயதில் பக்கத்துப் பல்லுக்குச் சமமாக வைத்தது சில ஆண்டுகளில் மேலே ஏறிப்போனதுபோலத் தெரியும்.

இப்போது உங்கள் பையன். கண்ணாடி முன் நிறுத்தி, கீழ்த்தாடையை மெல்ல முன்னே கொண்டுவந்து முன்பற்கள் சந்திக்கும்படி கடிக்கச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் அழகாக அமைகிறதென்றால் குறை கீழ்த்தாடையில்தான். உதடுகள் பிதுங்கி முகம் முன்னே தள்ளித் தெரிந்தால் துருத்தல் மேல்பக்கத்தைச் சேர்ந்தது. அதே நிலையில் கன்னத்தை விலக்கிப் பாருங்கள்: மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே விழுந்தால் மேல்தாடை குறுகல், அதை விரிக்கும் வேலைக்கு இப்போதே நல்ல நேரம், முதல் மருத்துவர் சொல்வது சரி. குறுகல் இல்லை, உதடுகளும் சிரமமின்றி மூடுகின்றன என்றால் இரண்டாமவர் சொல்வதை ஏற்கலாம்; ஆண் பிள்ளை என்பதால் 12 கூடச் சிலருக்குச் சற்று முந்தியதாகவே இருக்கும், உயரக் கோடுகளைப் பார்த்து முடிவுசெய்யச் சொல்லுங்கள். மேல் முன்பற்கள் கீழ் உதட்டின் மேல் உட்கார்ந்து, ஓடியாடும்போது அடிபடும் நிலையில் இருந்தால், அவற்றை மட்டும் உள்ளே கொண்டுவரும் சிறு சிகிச்சையை இப்போது செய்துகொள்ளலாம். பருவ வயதில் இன்னொரு சுற்று இருக்கும் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.